மல்கோவாவுக்கு ஈ வேண்டும்

முதல் மாடி பால்கனியில் ராகவன் சார் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றார். கீழே நான், வெங்காயம் வாங்கிய வலைப்பைக்குள் மீன் குடலைத் திணித்து, மல்கோவா மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

தை மாதக் காலை. சிட்லபாக்கம் ஏரியிலிருந்து வந்த காற்றில் குளிர் இருந்தது. குளிருக்குள் மாம்பூவின் புளிப்பும் தேனும் கலந்த வாசனை இருந்தது. அதற்குள், இப்போது, கானாங்கெளுத்தியும் இருந்தது.

“சார், இது ரெசிடென்ஷியல் பில்டிங். ஃபிஷ் மார்க்கெட் இல்லை.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சே பண்றீங்களா?”

“பூ முடியற வரைக்கும்தான் சார்.”

“அதுக்குள்ள நாங்க எல்லாரும் முடிஞ்சிடுவோம்.”

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு செல்வி நின்று வேடிக்கை பார்த்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வாரத்தில் பாதி நாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். குடலைக் கொடுத்தவளும் அவள்தான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“இன்னா சார் நீ? மீனை வுட்டுட்டு கொடலை வாங்கிக்கினு போய் மரத்துக்கு ஊட்டினுகீற! அது இன்னா, வாயைத் தொறந்து துன்னுமா?”

“மரத்துக்கு இல்ல செல்வி. ஈக்கு.”

“ஈக்கா?” அவள் ராகவன் சாரை அண்ணாந்து பார்த்தாள். “சார், கேட்டுக்கோ. ஈக்கு விருந்தாம். நான் பொழுதன்னிக்கும் ஈ ஓட்டினு கெடக்கறேன், இவரு கூப்ட்டுனு கீறாரு!”

மேலே பால்கனிக் கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அதிலேயே ஒரு முழு வாக்கியம் இருந்தது.

பதினோரு மாதத்து மரங்கள்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் வீடு மாறிக்கொண்டே வாழ்ந்தவன். பம்மல், குரோம்பேட்டை, சேலையூர், மறுபடி குரோம்பேட்டை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நாள், அந்தப் பக்கம் கொஞ்ச நாள். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். முடிந்தால் புதுப்பிக்கலாம் என்று அதில் ஒரு வரி இருக்கும். நாங்கள் அந்த வரியை அதிகம் பயன்படுத்தியதில்லை. வாடகை ஏறும், இல்லாவிட்டால் எனக்குக் கால் அரிக்கும்.

பதினோரு மாதத்தில் ஒரு வீட்டின் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம். எந்தக் குழாய் அழும், எந்தச் சுவர் ஐப்பசியில் வியர்க்கும், எந்த ஜன்னல் வழியே ரயில் சத்தம் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். எல்லாம் தெரியும். மாமரம் மட்டும் தெரியாது. அதன் கணக்கு இரண்டு வருடக் கணக்கு.

பம்மல் வீட்டில் ஒரு பங்கனப்பள்ளி நின்றது. நாங்கள் இருந்த வருடம் ஒரு பூ இல்லை. இலைகளை மட்டும் உதிர்த்துக்கொண்டு, வேலைக்குப் போகாத மாமன் மாதிரி முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நான் அதன்மேல் ஒரு கவிதைகூட எழுதினேன்: வெறும் இலைகளுக்கு அரசன் என்று. கவிதை அச்சாகி வந்தபோது நாங்கள் வேறு வீட்டில் இருந்தோம். அடுத்த கோடையில் பழைய வீட்டுக்காரர் எங்கள் விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தார், கையில் ஒரு பை நிறைய பழத்தோடு. “நீங்க போனதும் மரத்துக்கு என்னவோ ஆயிடுச்சு சார், தாங்கவே முடியல!” என்றார். பழத்தைத் தின்றேன். கவிதை பொய்யாகிவிட்டது.

குரோம்பேட்டையில் நேர்மாறு. அங்கே ருமானி, ஆப்பிள் மாதிரி உருண்டையாக, கைக்கு அடங்குகிற பழம். அந்த வருடம் கொம்பு ஒடியக் காய்த்தது. இந்த மரம் எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே சாமான்களை வண்டியில் ஏற்றினோம். பிறகு அந்த மரம் ஒரு கோடை முழுக்க ஓய்வெடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

மரங்களைப் பொறுத்தவரை நான் ஒரே ஒரு தடவை வந்து போன விருந்தாளி. விருந்தாளியின் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சிட்லபாக்கத்தில், எட்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில், தரைத்தளத்தில் ஒன்றைக் கடன் போட்டு வாங்கினோம். சாவியைக் கையில் வாங்கிய அன்று என் மனைவி வசந்தி சொன்னாள்: “இனிமே உங்க கால் அரிச்சா டாக்டர்ட்டதான் போகணும்.”

என் எழுத்து மேசை ஜன்னலுக்கு வெளியே இந்த மல்கோவா. மேசையில் விழும் வெளிச்சத்துக்கு நிறமே பச்சை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மரத்தை அடுத்த வருடமும் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது.

ஒசத்தியும் சாதாரணமும்

இந்த இடம் முன்பு ஜெசிந்தா டீச்சரின் தனி வீடாக இருந்தது. வீட்டை இடித்து அடுக்ககம் கட்டியபோது டீச்சருக்கு இரண்டாவது மாடியில் ஒரு வீடு வந்தது. மண்ணில் அன்றைக்கு இரண்டு மாமரங்கள். பக்கவாட்டில் மல்கோவா, முன்னால் நீலம். இரண்டும் டீச்சரின் கணவர், அவர் காலமாவதற்கு வெகுநாள் முன்பு, வைத்தவை. ஒன்றைத்தான் விடமுடியும் என்றார் கட்டியவர்.

“யாரைக் கேட்டாலும் மல்கோவாவத்தானே சொல்லுவாங்க?” என்று டீச்சர் என்னிடம் ஒருநாள் சொன்னார். “ஒசத்தியை வச்சுக்கிட்டேன். சாதாரணத்த வெட்டக் குடுத்துட்டேன்.”

நீலம் போன பிறகு மல்கோவா பூத்தது. ஒவ்வொரு தையிலும் பூத்தது. மரமே தெரியாமல் பூத்தது. மாசி வெயிலில் அவ்வளவும் கருகி, காப்பித்தூள் மாதிரி கார்கள் மேல் உதிர்ந்தது. காய் இல்லை.

கார்கள்தான் வழக்குத் தொடுத்தன. பூக்காலத்தில் தத்துப்பூச்சி கசியவிடும் பிசுபிசுப்பு, ராகவன் சாரின் புது வெள்ளைக் காரில் வார்னிஷ் மாதிரி படிந்தது. இலை போய் மழைநீர்க் குழாயை அடைத்தது. மரத்தை எடுத்துவிட்டு, தகரக் கூரை போட்டு நாலு கார் நிறுத்தலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பியது. ராகவன் சார் செயலாளர். தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொன்ன சொல்லின் ஓரம்கூட மடங்கக்கூடாது அவருக்கு.

மார்கழிக் கூட்டத்தில் நானும் டீச்சரும் மட்டும் எதிர்த்தோம். கடைசியில் ராகவன் சார் ஒரு வழி சொன்னார். வார்த்தைகளை எடைபோட்டுச் சொன்னார்.

“ஒரு சீசன் பாப்போம். பங்குனி கடைசி ஞாயித்துக்கிழமை கூட்டம். அன்னிக்கு மரத்துல ஒரு காயாவது இருந்தா, மரம் இருக்கட்டும். இல்லேன்னா எடுத்துடலாம். ஓகேவா?”

எல்லோரும் ஓகே என்றார்கள். எனக்கு ஒரு பருவம் கிடைத்தது. பதினோரு மாதம்கூட இல்லை.

எல்லாப் பூவும் பூ இல்லை

தை பிறந்து முதல் பூ விரிந்த அன்று மாலை டீச்சர் படியிறங்கி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு மாம்பூங்கொத்தை விரித்தார். முப்பது வருடம் உயிரியல் நடத்தியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஊசியால் ஒவ்வொரு பூவாகப் பிரித்தார்.

“இது ஆண் பூ. இதுவும் ஆண். இதுவும். பாருங்க, இந்தா, இதுக்குத்தான் நடுவுல உருண்டையா பச்சையா ஒரு சூல் இருக்கு. இதுதான் காயாகும். ஆகலாம்.”

ஆகலாம் என்ற சொல்லை அவர் மிருதுவாகச் சொன்னார், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு கொத்தில் எத்தனை பூ சூல் உள்ளதாக வரும் என்பது ரகத்துக்கு ரகம் மாறுமாம். நீலத்துக்குக் கை தாராளம்; வருடா வருடம் ஏதாவது கொடுத்துவிடும். மல்கோவா கஞ்சன். ஒரே மரத்திலும் வருடத்துக்கு வருடம் மாறும். மழை தள்ளிப்போனால் மரம் பூவுக்குப் பதில் துளிர் விடும். பூத்த பிறகு பனி அதிகமானால் பூவில் சாம்பல் போல நோய் படியும். நாம் ஒரு கோடையில் கடித்துத் தின்கிற மாம்பழத்துக்குப் பின்னால் ஐப்பசியின் மேகம்கூட உட்கார்ந்திருக்கிறது.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றார் டீச்சர். ஊசியைக் கீழே வைத்தார். “சில மாவுக்குத் தன் மகரந்தமே தனக்கு ஒட்டாது. பக்கத்துல வேற ரகம் நிக்கணும். எங்க வீட்டு மல்கோவா அந்தக் காலத்துல காய்ச்சுதுன்னா, அது முன்னால நின்ன நீலத்தால.”

வசந்தி கேட்டாள்: “அப்ப அதை வெட்டறப்போ உங்களுக்குத் தோணலையா டீச்சர்?”

“முப்பது வருஷம் மகரந்தச் சேர்க்கை பாடம் எடுத்தேன் வசந்தி. போர்டுல படம் போட்டேன். பரீட்சைல மார்க் குறைச்சேன். வீட்டு முற்றத்துல மரம் வெட்டறப்போ பாடம் ஞாபகம் வரலை. எது ஒசத்தி, எது மட்டம், இதுதான் ஞாபகம் வந்துச்சு.”

மேசையில் ஆண் பூக்கள் ஒரு பக்கம் குவிந்திருந்தன, சோளப்பொரியின் தூள் மாதிரி.

பிறகு டீச்சரே நிமிர்ந்தார். மகரந்தத்தை எங்கிருந்தாவது கொண்டுவரலாம். அதைச் சுமக்க ஆள் வேண்டும். மாவுக்குத் தேனீயைவிட ஈதான் வேலைக்காரன். ராகவன் சாரின் நிர்வாகத்தில் எங்கள் வளாகத்தில் ஈ கிடையாது. காலையில் பினாயில், மாலையில் கொசுப்புகை.

“எங்க ஊர்ல, நாகர்கோவில் பக்கம், பூக்கிற காலத்துல மரத்துல அழுகின மீனைக் கட்டுவாங்க,” என்றார் டீச்சர். “ஈ வரும்ல?”

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் மேல்மாடியைப் பார்த்தேன்.

வாளியில் நீலம்

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு நீலம் இருந்தது ஞாபகம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் மோசஸ் அண்ணன் வாசலில் தண்ணீர் கேனை மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பூத்த கொம்பு ரெண்டு வேண்டும், வாளித் தண்ணீரில் வைத்து மல்கோவாவில் கட்டித் தொங்கவிடப் போகிறேன் என்றேன்.

அவர் கேனை இறக்கிவைத்தார்.

“இங்க குடியிருந்தப்போ ஒருநாள்கூட இந்த மரத்தை நிமிர்ந்து பாத்ததில்ல நீங்க. எந்நேரமும் செருப்பைப் போட்டுக்கிட்டு எங்கியாவது கிளம்பிக்கிட்டே இருப்பீங்க. இப்ப பூ கேட்டு வர்றீங்க!”

“இப்ப நிமிர்ந்து பாக்கறேன்ண்ணே.”

“ஒரு கொம்பு ஒடிச்சா எனக்குப் பத்து காய் போச்சு. தெரியுமா?” என்று சொல்லிக்கொண்டே தொரட்டியை எடுக்க உள்ளே போனார். ஒடித்துக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்: “மல்கோவா காய்ச்சா முதல் பழம் எனக்கு.”

பூ வாடிவிடும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். கால்களுக்கு நடுவே வாளி, வாளியில் பூத்த கொம்பு, கொம்பைச் சுற்றி என் கூடவே பயணம் செய்யும் சில ஈக்கள். கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா தல, மாம்பூ எடுத்துக்கினு பொண்ணு கேக்கப் போறியா?”

“ஆமா. மாப்பிள்ளை வாளியில இருக்காரு.”

“சூப்பரு. பந்திக்கு நம்மளையும் கூப்புடு!”

சிக்னல் விழுந்தது. அன்றைக்கு முழுவதும் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இப்படியாக, கிளையில் நீலம் தொங்கும் வாளி. அதற்குக் கீழே செல்வி கொடுத்த குடலோடு வலைப்பை. முதலில் வந்தவை வீட்டு ஈக்கள். மறுநாள் பச்சை ஈக்கள், மரகதத்தைத் தட்டிப் பறக்கவிட்டது போல. அவை குடலில் உட்கார்ந்தன, பிறகு கால் துடைத்துக்கொள்ள வருவது போலப் பூவுக்கு வந்தன. நாற்றத்திலிருந்து வாசனைக்கும், வாசனையிலிருந்து நாற்றத்துக்கும். அவற்றுக்கு இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள்.

வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி வந்தவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். டீச்சர் போய்க் கேட்டுக்கொண்டதும், ராகவன் சார் பூ முடியும்வரை கொசுப்புகையை நிறுத்திவைத்தார். “சீசன்னு சொன்னா முழு சீசன். நடுவுல நாம குறுக்கிட்டா அது ஃபேர் இல்லை” என்றாராம்.

கடுகு, பட்டாணி, கோலிக்குண்டு

மாசி நடுவில் ஒரு காலை மேலேயிருந்து குரல் வந்தது.

“சார்! எழுத்தாளர் சார்!”

வெளியே ஓடினேன். மரத்தின் மேற்கிளை அவர் பால்கனிக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதில் ஒரு கொத்தை அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு தோளில் இருந்தது, மூக்கில் இல்லை.

“இதுல ஏதோ கடுகு கடுகா தெரியுது. இதுதானா?”

அதுதான். கீழ்க்கிளைகளிலும் இருந்தது. கடுகு பட்டாணியானது. பட்டாணி கோலிக்குண்டானது. வசந்தி காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள். டீச்சர் படியிறங்கும்போது ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு பார்வையால் மரத்தையும் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

பிறகு உதிரத் தொடங்கியது.

யாரும் ஒன்றும் செய்யவில்லை. காற்றுகூட இல்லை. மரம் தானாகவே ஒவ்வொன்றாகக் கீழே விட்டது. காலையில் கார்களின் மேல் தட், தட் என்று சத்தம் கேட்கும்; நான் படுக்கையிலேயே கண்ணை மூடிக்கொள்வேன். மரம் தன்னால் தாங்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும், அதுதான் அதன் புத்தி என்றார் டீச்சர். எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் எழுதி அடித்த வரிகள் ஒவ்வொன்றும் கார் கூரையில் விழுவதுபோல இருந்தது.

ஒரு மாலை அடித்த வெக்கைக் காற்றில் கீழ்க்கிளைகள் காலியாயின. பங்குனி பாதியில் என் ஜன்னலிலிருந்து பார்த்தால் இலை மட்டும். எஞ்சியிருந்தால் அது பால்கனிப் பக்கத்துக் கொத்தில்தான். அதை அங்கிருந்து மட்டுமே பார்க்க முடியும். ராகவன் சாரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

“மரம் போனா வேற வீடு பாப்பீங்களா?” என்று வசந்தி ஒருநாள் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

“தெரியலை” என்றேன். உள்ளங்கால் அரித்தது உண்மை.

பங்குனியின் கடைசி ஞாயிறு

மரத்தடியிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். தகரக் கூரைக்கு யாரிடம் விலை கேட்கலாம் என்பதுவரை பேச்சு போயிருந்தது. டீச்சர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பச்சைக்குள் பச்சை, ஒன்றும் தெரியவில்லை.

“காய் ஒண்ணும் காணோமே?” என்றார் ஒருவர்.

ராகவன் சார் எழுந்தார். தொண்டையைச் சரிசெய்தார்.

“மரத்துல ஒரு காயாவது இருந்தா மரம் இருக்கட்டும்னு பேசினோம். என் பால்கனியிலேர்ந்து தினம் பாக்கறேன். இன்னிக்குக் காலையிலயும் பாத்தேன். மரத்துல ஒண்ணு இருக்கு. அடுத்த விஷயம், லிஃப்ட் மெயின்டனன்ஸ்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். யாரும் மாடியேறிப் பார்க்கவில்லை. பேச்சு லிஃப்டுக்குப் போய்விட்டது. டீச்சர் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

கூட்டம் கலைந்ததும் நான் முதல் மாடிக்குப் போனேன். இங்கே குடிவந்த பிறகு அவர் வீட்டுக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பால்கனிக்குக் கூட்டிப்போனார்.

கம்பிக்கு ஒரு முழம் தள்ளி, இலைகளுக்குள், அணிலுக்கும் காற்றுக்கும் பயந்து, கொசுவலையில் வெட்டித் தைத்த ஒரு சின்னப் பை. பையின் வாய் கிளையோடு வெள்ளை நூலால் கட்டியிருந்தது. உள்ளே எலுமிச்சை அளவில் ஒரு பிஞ்சு.

கம்பிக்கு வெளியே தலையை நீட்டி உற்றுப் பார்த்தேன். காம்பு கிளையில் காய்ந்து நின்றது. பிஞ்சு அதிலிருந்து விடுபட்டு, சுருங்கி, பையின் அடியில் உட்கார்ந்திருந்தது.

நான் திரும்பினேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப சார்?”

“மூணு, நாலு நாளாச்சு.”

“நீங்க கூட்டத்துல...”

“மரத்துல இருக்கான்னுதானே பேச்சு? இருக்கு. தரையில இல்லையே.” அவர் குரல் தணிக்கை அறிக்கை வாசிப்பது போலவே இருந்தது. பிறகு அது கொஞ்சம் இறங்கியது. “கடுகுலேர்ந்து பாத்துட்டேன் சார். ஒரே ஒரு சீசன்ல என்னத்தைத் தெரியும்?”

உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். “இவருக்காக என் கொசுவலையே போச்சு” என்றார்.

அந்த வருடம் மோசஸ் அண்ணனுக்கு நான் பழம் கொடுக்கவில்லை. அவர்தான் ஒரு பை நீலம் கொடுத்தனுப்பினார். எட்டு வீட்டுக்கும் பிரித்தோம். ராகவன் சார் வீட்டில் பச்சடி செய்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

இந்தத் தை

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மல்கோவா மறுபடி பூத்திருக்கிறது. போன வருடத்தைவிடக் குறைவு. மேற்குப் பக்கம் கொத்துகள், கிழக்குப் பக்கம் செம்புநிறத் துளிர். மழை பிந்தி நின்றதால் இருக்கலாம். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஒரே மரத்தை அடுத்தடுத்த பருவத்தில் பார்ப்பது எனக்கு இன்னும் புதிது. பழகாத ஒரு மொழியில் இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவதுபோல இருக்கிறது. முன்னால், கேட்டை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு நீலம் ஒட்டுக்கன்று நிற்கிறது. டீச்சர் வாங்கி வைத்தது. அது பூக்கும்வரை வாளிதான்.

தெருமுனையில் ஸ்கூட்டர் ஹாரன். செல்வியின் குரல் மதிலுக்கு மேலே வருகிறது.

“சார்! கொடலு எத்தினு வந்துகீறேன், வோணுமா?”

நான் பேனாவை மூடிவைத்து எழுவதற்குள், முதல் மாடியிலிருந்து பதில் போய்விட்டது.

“வேணும்மா! போன வருஷத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு!”